உங்கள் ரோல் 'இம்பாக்ட்' ஆகியிருக்கிறது

ஒருத்தரை வேலையை விட்டு அனுப்புவதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று ஒரு சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். ஸாக், ஃபயர், ஆக்ஸ், பிங்க் ஸ்லிப், லே-ஆஃப், ரிட்ரெஞ்ச்மென்ட், ரிடண்டன்ஸி, டவுன்சைஸிங், ரைட்சைஸிங், ரீஸ்ட்ரக்சரிங், ரேஷனலைஸேஷன், ஸெபரேஷன், லெட் கோ, ரிலீஸ்... இருபதை நெருங்கும்போது காபி வந்துவிட்டது. விட்டுவிட்டேன். வேலை கொடுப்பதற்கு? ஹயர், ரெக்ரூட், அப்பாயின்ட். அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கிறது. நல்ல சேதிக்கு ஒரு வார்த்தை போதும்.

இவற்றில் பழைய வார்த்தைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஸாக் என்றால் சாக்குதான். கைவினைக்காரர்கள் தங்கள் உளி, சுத்தியலைத் தாங்களே கொண்டுவந்து வேலை பார்த்த காலத்தில், முதலாளி அந்தப் பையை எடுத்துக் கையில் கொடுத்தால் கிளம்பு என்று அர்த்தம். ஃபயர், அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் யாரோ அடித்த சிலேடை. ஆளை டிஸ்சார்ஜ் பண்ணுவது, துப்பாக்கியை டிஸ்சார்ஜ் பண்ணுவது இரண்டும் ஒரே வார்த்தை என்பதில் பிறந்தது. இரண்டும் முரட்டு வார்த்தைகள். ஆனால் கேட்டவுடன் கண்ணுக்கு ஒரு காட்சி தெரிகிறது: ஒரு கை, அந்தக் கையில் ஒரு பை. யாரோ ஒருத்தர் செய்கிறார், யாரோ ஒருத்தருக்கு நடக்கிறது.

பிற்பாடு வந்தவற்றில் இந்தக் கை மறைந்து போகிறது. டவுன்சைஸிங் முதலில் மனிதர்களுக்கான வார்த்தையே அல்ல. 1973-ன் பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் படகு போன்ற கார்களின் நீளத்தையும் எடையையும் குறைத்தன. அதற்கு வைத்த பெயர். 1980-களில் கார் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிப் பக்கத்து ஆபீஸுக்குள் போய்விட்டது. காரில் கழற்றியது இரும்பு. இங்கே கழற்றியது ஆட்கள். அதுவும் கொஞ்சம் உறுத்தியதோ என்னவோ, ரைட்சைஸிங் என்று மாற்றினார்கள். அதாவது இதுநாள் வரை கம்பெனி தப்பான சைஸில் இருந்தது, நீங்கள் போனதும் சரியாகிவிட்டது!

நம் ஊர் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் பிடித்தது ரிலீஸ். தமிழனுக்கு ரிலீஸ் என்றால் படம் ரிலீஸ், மேட்டூர் அணையில் தண்ணீர் ரிலீஸ், ஜெயிலிலிருந்து கைதி ரிலீஸ். மூன்றுமே சந்தோஷ சமாசாரங்கள். இன்னொன்று 'இன்வாலன்டரி அட்ரிஷன்'. அட்ரிஷன் என்றால் உராய்ந்து தேய்வது. படிக்கட்டு தேய்வது மாதிரி, செருப்பு தேய்வது மாதிரி. செருப்பு விரும்பியா தேய்கிறது என்று கேட்காதீர்கள்.

இந்தப் பட்டியலிலேயே என்னை அதிகம் யோசிக்க வைப்பது ரிடண்டன்ஸி. இது பிரிட்டிஷ் வார்த்தை; அமெரிக்கர்கள் இந்த அர்த்தத்தில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. லத்தீனில் இதன் வேரில் இருப்பது அலை. பொங்கி வழிகிறதே, அது. கரைக்குள் அடங்காமல் மிஞ்சிப் போன தண்ணீர். 1965-ல் பிரிட்டனில் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது. இன்று 1996-ன் வேலை உரிமைச் சட்டத்துக்குள் இருக்கிறது. அந்தச் சட்டம் சொல்வதைக் கவனித்துப் படித்தால் ஒரு நியாயம் தெரியும். தொழில் மூடப்பட்டாலோ, அந்த வகை வேலைக்கு ஆள் தேவை குறைந்தாலோதான் ரிடண்டன்ஸி. அதாவது மிஞ்சிப் போனது வேலை, ஆள் இல்லை. இன்றைக்கு ஒருத்தரை அனுப்பிவிட்டு நாளைக்கு அதே நாற்காலியில் இன்னொருத்தரை உட்கார வைத்தால் அது ரிடண்டன்ஸி ஆகாது. இரண்டு வருஷ சர்வீஸ் இருந்தால் பணமும் உண்டு: 41 வயசு முதல் பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்றரை வாரச் சம்பளம், 22-லிருந்து 40 வரை ஒரு வாரம், அதற்குக் கீழே அரை வாரம். உச்சவரம்பு உண்டு. கொட்டிக் கொடுக்கும் தொகை இல்லை, ஆனால் கணக்கு இருக்கிறது.

சட்டம் இப்படிச் சொன்னாலும், வேலை போன வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் "என் போஸ்ட் ரிடண்டன்ட் ஆகிவிட்டது" என்று சொல்வதில்லை. "என்னை ரிடண்டன்ட் ஆக்கிவிட்டார்கள்" என்கிறார். சட்டப் புத்தகத்தில் நாற்காலி மேல் ஒட்டியிருந்த வார்த்தை, வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் மனுஷன் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் இலக்கணத்தில் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ஒன்று மிகைபடக் கூறல். தேவைக்கு மேல் சொல்லாதே என்பது. முப்பது வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவரைப் பார்த்து, நீ ஒரு மிகைபடக் கூறல் என்றால் எப்படி இருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், இதே வார்த்தை இன்ஜினீயர்களிடம் போனால் தங்கம். விமானத்தில் முக்கியமான ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று இருக்கும். ஒன்று படுத்தால் அடுத்தது பார்த்துக்கொள்ளும். இரட்டை என்ஜின் விமானம் ஒற்றை என்ஜினில் இறங்கிவிடும் என்ற தைரியத்தில்தான் நாமெல்லாம் வானத்தில் பிரியாணி சாப்பிடுகிறோம். இதற்குப் பெயர் ரிடண்டன்ஸி. டேட்டா சென்டரில் ஒரு சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை வைத்தால் அதுவும் ரிடண்டன்ஸி. 1948-ல் க்ளாட் ஷானன், எழுதப்படும் இங்கிலீஷில் ஏறக்குறைய பாதி ரிடண்டன்ட் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த உபரிப் பாதி இருப்பதால்தான் டெலிபோனில் இரைச்சல் வந்தாலும் பேச்சு புரிகிறது, அச்சுப்பிழை இருந்தாலும் பேப்பர் படிக்க முடிகிறது. உபரி இல்லாத மொழியில் ஒரு எழுத்து விட்டுப்போனால் அர்த்தமே போய்விடும்.

ஆக, அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ரிடண்டன்ஸி இல்லை என்றால் மானேஜருக்குக் கோபம் வருகிறது. ஐந்தாவது மாடியில் ரிடண்டன்ஸி இருக்கிறது என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. மூன்றாவது மாடியில் இருப்பது மெஷின்.

லே-ஆஃப் என்ற வார்த்தைக்கு நேர்ந்தது வேறு மாதிரி. இது ஒரு காலத்தில் திரும்பி வரும் வார்த்தை. அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் புது மாடலுக்காக லைனை நிறுத்தினால் ஆட்களைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள், பிறகு சீனியாரிட்டிப்படி கூப்பிடுவார்கள். நம் 1947-ன் தொழில் தகராறு சட்டத்திலும் லே-ஆஃப் இதுதான். நிலக்கரி இல்லை, கரன்ட் இல்லை, பஞ்சு இல்லை, மெஷின் ரிப்பேர் என்றால் தற்காலிகமாக வேலை இல்லை. பெயர் மஸ்டர் ரோலில் இருக்கும். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஒரேயடியாக அனுப்புவதற்கு ரிட்ரெஞ்ச்மென்ட் என்று தனியாக வேறு பெயர், தமிழில் ஆட்குறைப்பு. கோயமுத்தூர் மில்லில் வேலை பார்த்த பெரியவர் யாரிடமாவது கேளுங்கள், இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ள மாட்டார். லே-ஆஃப் என்றால் அவருக்கு மின்வெட்டும் பாதிச் சம்பளமும். அவருடைய பேரன் பெங்களூரிலிருந்து போன் பண்ணி "தாத்தா, எங்க கம்பெனியில லே-ஆஃப்" என்றால், "எப்ப மறுபடி கூப்பிடுவாங்க?" என்றுதான் கேட்பார். பேரனிடம் பதில் இருக்காது. வார்த்தையிலிருந்து திரும்பி வரும் பாதையை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள்.

சரி, வார்த்தைகளை விட்டு வாசகங்களுக்கு வருவோம். இந்த வகைக் கடிதங்களில் கிளாசிக் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 2014 ஜூலை 17 அன்று மைக்ரோசாஃப்டின் ஸ்டீஃபன் ஈலாப் எழுதியதைச் சொல்வேன். நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்த நேரம். கடிதம் "ஹலோ தேர்" என்று ஆரம்பிக்கிறது. பக்கத்து பெஞ்சுப் பையன் காதில் கிசுகிசுப்பது போல. பிறகு நிறுவனத்தின் உத்தி, மலிவு போன், விலை கூடிய போன், எந்த ஊரில் எந்த டிசைன், பொருத்தமான 'ஃபைனான்ஷியல் என்வலப்'... ஆயிரம் வார்த்தைக்கு மேல் ஓடும் கடிதத்தில் பாதியைத் தாண்டின பிற்பாடுதான் ஒரு வரி வருகிறது: அடுத்த ஒரு வருஷத்தில் சுமார் 12,500 பேர் குறைவார்கள். அப்புறம் மறுபடி உத்தி.

விமர்சகன் என்ற முறையில் அந்தக் கடிதத்தைப் பார்த்தால், வார்த்தைகளை விட அமைப்புதான் குற்றம். தந்தி வந்த காலத்தில் தபால்காரர் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிடும், வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே தபால்காரர் உள்ளே வந்து, உட்கார்ந்து, வெயில் அதிகம் என்று பேசி, உங்கள் வீட்டுக் கட்டடத்தின் வாஸ்துவைப் பற்றி இரண்டு பாரா சொல்லிவிட்டு, போகிற போக்கில் தந்தியை டேபிளில் வைக்கிறார். ஒவ்வொரு பாராவையும் 'இதில் நான் இருக்கிறேனா' என்று தேடிக்கொண்டே படிக்கிற ஒருத்தருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. எழுதியவருக்குத் தன் வாசகர் யார் என்று தெரியவில்லை. அல்லது தெரியும்: வாசகர் பங்குச் சந்தை.

இந்தக் கடிதத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சம்பந்தம் உண்டு. அங்கே 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். பலரும் இருபதுகளின் தொடக்கத்தில். ஆலையை வரித் தகராறு பிடித்துக்கொண்டதால், 2014 ஏப்ரலில் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது இது போகவில்லை. மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்துகொடுக்கும் ஆலையாக நின்றது. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள, 2014 நவம்பர் 1-லிருந்து உற்பத்தி நின்றது. கவனியுங்கள், 'ஹலோ தேர்' கடிதத்தின் 12,500-ல் இவர்கள் சேர்த்தி இல்லை. வேலை போனதை மறைத்து மறைத்துச் சொன்ன கடிதத்தில் மறைப்பதற்குக்கூட இவர்கள் இல்லை!

இவர்களுக்கென்று தனியாக ஒரு வார்த்தை இருந்தது: வி.ஆர்.எஸ். வாலன்டரி ரிடயர்மென்ட், அதாவது விருப்ப ஓய்வு. 2014 வசந்தத்தில் ஏறக்குறைய 5,000 பேர் இதை எடுத்துக்கொண்டார்கள். 2000-2001-ல் பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் போனார்கள், நினைவிருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள். பென்ஷன் உண்டு. 'ஓய்வு' என்ற வார்த்தைக்கு அங்கே ஓரளவு பொருத்தம் இருந்தது. 23 வயசுப் பெண்ணுக்கு விருப்ப ஓய்வு என்று தாளில் எழுதும்போது டைப் அடித்தவர் கை ஒரு கணமாவது நின்றிருக்க வேண்டும். விருப்பமும் இல்லை, ஓய்வும் இல்லை. அடுத்த வாரம் வேறு ஆலை கேட்டில் வரிசையில் நிற்கப் போகிறவரை ரிடயர்ட் என்கிறது அந்தத் தாள். (அந்த ஆலையைப் பிற்பாடு சால்காம்ப் எடுத்துக்கொண்டு சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. கட்டடத்துக்கு மறுவேலை கிடைத்துவிட்டது.)

இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவது ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு இல்லை. நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்று வகை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி. இடக்கரடக்கல்: சபையில் சொல்லக் கூசுவதை வேறு விதமாகச் சொல்வது. கால் கழுவி வந்தேன் என்பது போல. மங்கலம்: துக்கமானதை நல்ல வார்த்தையில் சொல்வது. சுடுகாட்டை நன்காடு என்பது. செத்தவரைத் துஞ்சினார் என்பது. மூன்றாவது குழூஉக்குறி: ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி வைத்துக்கொள்ளும் வார்த்தை. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள். வேடர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். (உள்ளே போனால் உண்மை வெளியே வரும் என்பதால் இருக்கலாம். அருமையான பெயர்.)

மூன்றும் நேராகச் சொல்லாமல் விடுவதுதான். ஆனால் யாருக்காக விடுகிறோம் என்பதில் வித்தியாசம். இடக்கரடக்கல் கேட்பவரின் கூச்சத்துக்காக. மங்கலம் துக்கப்படுகிறவரின் மனசுக்காக. குழூஉக்குறி பேசுகிறவரின் சௌகரியத்துக்காக. நகை செய்யக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் புரியக் கூடாது என்பதற்குத்தான் 'பறி'.

எச்.ஆர். டிபார்ட்மென்ட்டின் வார்த்தைகள் மங்கலம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. உங்கள் மனசு நோகக் கூடாதே என்பது மாதிரி ஒரு குரல். உள்ளே பார்த்தால் அசல் குழூஉக்குறி. கம்பெனி வக்கீலுக்குப் புரியும், பங்குதாரருக்குப் புரியும், பக்கத்துக் கம்பெனி எச்.ஆருக்குப் புரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது.

அப்படியானால் பச்சையாகச் சொல்லிவிடலாமா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் பெட்டர்.காம் என்கிற அமெரிக்க வீட்டுக்கடன் கம்பெனியின் தலைவர் விஷால் கார்க், ஸூம் அழைப்பில் சுமார் 900 பேரைக் கூப்பிட்டு, இந்த அழைப்பில் இருக்கிறீர்கள் என்றால் வேலை போகிற அதிர்ஷ்டம் கெட்ட கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று சொன்னார். சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு சுற்றி வளைப்பும் இல்லை. உலகமே திட்டியது, அவர் மன்னிப்புக் கேட்டார். எனவே தேன் தடவாத வார்த்தைதான் மருந்து என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'அதிர்ஷ்டம் கெட்ட' என்ற வார்த்தையைப் பாருங்கள். என்னவோ லாட்டரியில் விழாத மாதிரி. இந்தப் பச்சைப் பேச்சிலும் பட்டியல் போட்ட கை காணோம்.

கை தெரிய வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, சமீப வருஷங்களில் இன்னொரு பாணி வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரை அனுப்பியபோது, நம் சென்னைப் பையன் சுந்தர் பிச்சை தன் கடிதத்தில் இந்த நிலைமைக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்கு முழுப் பொறுப்பு ஏற்கிறேன் என்றார். அதற்கு இரண்டு மாசம் முன்னால், 11,000 பேரை அனுப்பிய மெட்டாவின் ஸக்கர்பெர்கும் கிட்டத்தட்ட இதையே எழுதியிருந்தார். படித்தவுடன் பரவாயில்லையே, ஆம்பிளைத்தனமாக ஒத்துக்கொள்கிறார்களே என்று தோன்றும். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. இலக்கணச் சுத்தம்.

ஆனால் பொறுப்பு ஏற்பது என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ரயிலை ஓட்டவும் இல்லை, பாலம் கட்டவும் இல்லை. பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அந்தத் தலைமுறைக்குப் பொறுப்பேற்பது என்பது நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது. இந்தக் கடிதங்களில் பொறுப்பேற்பவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார், மற்ற 12,000 பேர் எழுந்து போகிறார்கள். ராஜினாமா பண்ணியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வார்த்தையை எடுத்தால் அதன் விலையையும் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

தமிழ் மட்டும் யோக்கியமா என்றால், பாதி யோக்கியம். ஆட்குறைப்பு நேர்மையான வார்த்தை. ஆள், குறைப்பு, ஒளிக்க இடமே இல்லை. பத்திரிகைக்காரர்களின் 'கல்தா' கொஞ்சம் குறும்பு, மந்திரி பதவி போனால் பொருத்தமாக இருக்கும். மில் பக்கத்தில் 'கணக்கு முடிச்சுட்டாங்க' என்பார்கள், கேட்கும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் நாம் அதிகம் சொல்வது 'வேலை போச்சு'. மழை போச்சு, கரன்ட் போச்சு, வேலை போச்சு. யாரும் எடுக்கவில்லை, அதுவாக எழுந்து போய்விட்டது. ஒரு விதத்தில் இது நல்லது. போனது வேலைதான், நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்று பிரிட்டிஷ் சட்டம் சொல்ல நினைத்ததை நம் பாட்டி சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறாள். இன்னொரு விதத்தில், எடுத்துக்கொண்டு போனவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

வார்த்தையில் என்ன ஸார் இருக்கிறது, வேலை போனவனுக்கு எந்தப் பெயரில் போனால் என்ன என்று கேட்கலாம். பணம் இருக்கிறது. 1947 சட்டத்தின்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதற்குச் சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசை, மறுபடி ஆள் எடுத்தால் போனவருக்கு முன்னுரிமை. 2025 நவம்பர் 21-லிருந்து அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் 15 நாள் கணக்கு இருக்கிறது. மறுபயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பெரிய ஆலைகள் ஆட்குறைப்புக்கு அரசாங்க அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆகிவிட்டது. இரண்டு சட்டத்திலும் மாறாத ஒன்று, தானாக விலகினால் அது ஆட்குறைப்பு கிடையாது. தொழிலாளி என்ற வரையறைக்குள் மேலாளர் வர மாட்டார் என்பதும் மாறவில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் நாலு வருஷம் ஆனவுடன் விசிட்டிங் கார்டில் மானேஜர் என்று போட்டுக் கொடுப்பதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. ஊழியர் என்று சொல்லாமல் 'அசோசியேட்' என்பார்கள். அசோசியேட் என்றால் கூட்டாளி. லாபத்தில் கூட்டு இல்லை.

ஒரு உதாரணம். 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கர்ப்பிணியாக இருந்த ஒரு ஐ.டி. ஊழியரின் வேலைநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. கம்பெனி அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தடை கொடுக்க முடிந்ததற்குக் காரணம், தடுப்பதற்குத் தேதி போட்டு ஒரு ஆணை கையில் இருந்தது. அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் நீதிபதி எதைத் தடுப்பார்?

சமீபத்தில் தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் போனை நீட்டி, "அங்கிள், நீங்க எழுதறவர்தானே, இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க" என்றான். பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய கம்பெனி, ஏழு வருஷ சர்வீஸ். மெயிலில், உங்கள் ரோல் 'இம்பாக்ட்' ஆகியிருக்கிறது என்று இருந்தது. லாரி மோதின மாதிரி. மோதிய லாரியின் நம்பர் இல்லை. இரண்டு பாரா தள்ளி, அவன் பயணத்துக்கு நன்றி, அடுத்த அத்தியாயத்துக்கு வாழ்த்து.

"வேலை இல்லைங்கறாங்க" என்றேன்.

"அது தெரியுது அங்கிள். அப்ப அனுப்பிச்சாங்களா, நானா போறேனா? அதான் புரியலை."

மறுநாள் எச்.ஆர். அறையில் புரிய வைத்தார்கள். இரண்டு வழி. இன்றைக்கே பேப்பர் போட்டால் இரண்டு மாசச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும், நல்ல எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும். போடாவிட்டால் டெர்மினேஷன், அது ரெக்கார்டில் ஏறும். அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் செக் பண்ணும்போது தெரியும். யோசிக்க ஒரு மணி நேரம் டயம். "வக்கீல்கிட்டக் கேட்டியா?" என்றேன். "இ.எம்.ஐ. அஞ்சாம் தேதி அங்கிள்" என்றான். நான் மேலே எழுதியதையெல்லாம் அவனிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். ஒரு மணி நேரம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

அவன் அம்மா சொந்தக்காரர்களிடம் "வீட்லேர்ந்தே வேலை பார்க்கறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது மங்கலம். நன்னூலார் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

ராஜினாமா லெட்டர் எழுத வேண்டிய அவசியம் இல்லையாம். கம்பெனி போர்ட்டலில் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் விலகும் காரணம் என்று ஒரு கட்டம். அழுத்தினால் பட்டியல் விரியும். சிறந்த வாய்ப்பு, மேற்படிப்பு, வெளிநாடு செல்லுதல், திருமணம், உடல்நிலை, சொந்தக் காரணம். மேலேயும் கீழேயும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தானாம். 'நீங்கள் சொன்னதால்' என்று ஒன்று அதில் இல்லை. ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பக்கம் நகர மாட்டேன் என்றதாம்.

சொந்தக் காரணம் என்று போட்டுவிட்டு வந்திருக்கிறான்.